இரண்டாவது தட்டு

மூன்று மணி அழைப்பு வந்தபோது டெரிக் மேசைக்கு அடியில் முழங்காலிட்டு வயர்களைப் பிரித்துக்கொண்டிருந்தான். மேலே மோனிக்கா ஸ்பீக்கரை அழுத்தி, "ம், மோனிக்காதான். இருக்கேன்" என்றாள். அதற்குப் பிறகு அவளும் பேசவில்லை, எதிர்முனையிலிருந்தும் எதுவும் வரவில்லை. மருந்துப் புட்டிகளில் அவள் பெயர்ச்சீட்டு ஒட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

டெரிக் தலையை வெளியே நீட்டினான். "யாருக்கா? லைன் கட் ஆயிருச்சா?"

"கட் ஆகல. பாலிக் புலாவ் பாக்கியநாதன். அவரு பேச மாட்டாரு."

"கோவமா?"

"தொண்டைய எடுத்துட்டாங்க தம்பி. இது தெரியாமத்தான் ரெண்டு வருஷமா எங்க போனப் பாத்துக்கிறியா?"

அவனுக்கு உண்மையிலேயே தெரியாது. பினாங்கின் ஹட்டன் லேனில் ஒரு பழைய கடைவீட்டின் மாடியில் இருந்தது அந்தச் சேவை நிலையம். இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரி வீட்டுக்கு அனுப்பிவிட்டவர்களை அங்குள்ள தாதிகள் கவனித்துக்கொண்டார்கள். மிஸ்ஸி என்றுதான் எல்லா வீடுகளிலும் அவர்களைக் கூப்பிடுவார்கள். முறைவைத்து மோட்டார் சைக்கிளில் வீடு வீடாகப் போவார்கள்; ஒருத்தி மட்டும், பெரும்பாலும் மோனிக்கா, போனுக்குப் பக்கத்தில் இருப்பாள். பழைய கம்பி இணைப்பு நீக்கப்பட்டபோது, இணையத்தின் வழியாகப் பேசும் தொலைபேசியை டெரிக்தான் அமைத்துக்கொடுத்தான். அதில் யார் யார் அழைக்கிறார்கள் என்று அவன் யோசித்ததில்லை. மணி அடித்தால், குரல் கேட்டால், அவன் வேலை முடிந்தது.

அங்கே ஒரு வழக்கம் இருந்தது. அழைத்தவர் பேசாமல் இருந்தால் துண்டிக்கக் கூடாது. யாரும் இப்படிச் செய்யுங்கள் என்று சொல்லி வந்த வழக்கம் அல்ல. அப்பா போய்விட்டார் என்று சொல்ல ஒருவருக்கு வெகுநேரம் ஆகலாம். சிலர் சொல்லாமலேயே வைத்துவிடுவார்கள். எதிர்முனையில் ஒருத்தி காத்திருக்கிறாள் என்பதே சிலருக்குப் போதுமாக இருக்கும். ஆகவே மிஸ்ஸிகள் காத்திருக்கப் பழகியிருந்தார்கள்.

பாக்கியநாதன் பாலிக் புலாவ் போகும் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்றவர். மலை வளைவுகளில் இஞ்சின் இரைச்சலில் டிரைவருக்கு வாய்வார்த்தை கேட்காது. பக்கத் தகரத்தில் தட்டுவார். ஒரு தட்டு என்றால் நில். இரண்டு தட்டு என்றால் எடு. புற்றுநோயில் குரல் போனபின், மருந்தால் விரல் நுனிகளும் மரத்துவிட்டன. கைபேசியில் எழுத்தை அழுத்த முடியவில்லை, கண்ணும் மங்கல். மகள் லீனா ஒரே ஒரு பெரிய பொத்தான் வைத்த போனை வாங்கிக் கொடுத்தாள். அழுத்தினால் ஹட்டன் லேனில் மணி அடிக்கும். மீதியை அவரே ஏற்படுத்திக்கொண்டார். கல்யாண மோதிரத்தால் ரிசீவரில் ஒரு தட்டு: நான் நன்றாக இருக்கிறேன், நீ அங்கேயே நில். இரண்டு தட்டு: வண்டியை எடு, வா.

லீனாவுக்குப் பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை வேலை. உள்ளே போகும்போது கைபேசியை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். ஆகவே பகலெல்லாம் அவருக்கு இருந்தது அந்த ஒரு பொத்தான்தான். தினமும் மூன்று மணிக்கு அழைப்பார். ஒரு தட்டுத் தட்டுவார். பிறகு அரை மணி நேரம் இரண்டு முனைகளும் திறந்தே கிடக்கும். மோனிக்கா தன் வேலையைச் செய்வாள். அவர் தன் வீட்டில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருப்பார்.

"போன வாரத்துலேருந்து தட்டு வரல," என்றாள் மோனிக்கா. "அதுக்குத்தான் உன்னக் கூப்பிட்டேன்."

"இப்ப?"

"இப்பவும் வரல. நீயே கேளு."

டெரிக் எழுந்து ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் காதை வைத்தான். வெறும் காற்றுகூட இல்லை. கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பது போல இருந்தது.

"தட்டினாரா இல்லையான்னு தெரியல. ஒண்ணா ரெண்டான்னும் தெரியல," என்றாள் மோனிக்கா. "இப்ப நான் போகணுமா, வேணாமா? நீ சொல்லு."

அவள் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். ஆயிர் ஈத்தாம் மலைப்பாதை வழியாகப் போய்வர அவளுக்குப் பிற்பகல் முழுவதும் ஆயிற்று. பாக்கியநாதன் நன்றாகத்தான் இருந்தார். தொலைக்காட்சியில் மலாய்ச் சமையல் நிகழ்ச்சி பார்த்துக்கொண்டிருந்தாராம்.

அவள் வரும்வரை போனுக்குப் பக்கத்தில் இருந்த டெரிக், கணினியைத் திறந்து பார்த்தான். ஒரே முகவரியிலிருந்து நொடிக்கு ஆயிரக்கணக்கில் கோரிக்கைகள் வந்து அவன் அமைத்த தொலைபேசியில் மோதிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றும் ஒரு கடவுச்சொல்லை முயன்று பார்த்தது. ஒன்று பலித்தால் போதும். அடுத்தவர் கணக்கில் தூர தேசங்களுக்கு அழைப்புகளைத் தள்ளலாம். அவன் போட்ட பூட்டு வலுவானது, யாரும் உள்ளே வரவில்லை. ஆனால் தெருவை அடைத்துக்கொண்டு அத்தனை பேர் நின்றால் வீட்டுக்கு வரவேண்டியவர்கள் எப்படி வருவார்கள்? குரல் இணையத்தில் சின்னச் சின்னத் துண்டுகளாகத்தான் பயணம் செய்கிறது. அந்த மெல்லிய இணைப்பின் நெரிசலில் பெரும்பாலான துண்டுகள் வழியிலேயே விழுந்துகொண்டிருந்தன. பேசியவரின் அழைப்பும் பேசாதவரின் அழைப்பும் ஒரே மாதிரி வந்து சேர்ந்தன.

அந்த முகவரி, கணினிகளை மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் ஒரு பெரிய கிளவுட் நிறுவனத்துக்கு உரியது. யாரோ திருட்டுக் கடன் அட்டையைக் கொடுத்து ஒரு கணினியை எடுத்து ஓடவிட்டிருந்தார்கள். நிறுவனம் நினைத்தால் ஒரு நொடியில் நிறுத்திவிடலாம். முறைகேடுகளைப் பற்றிப் புகார் செய்ய அவர்கள் கொடுத்திருந்த முகவரிக்கு டெரிக் எழுதினான். ஆதாரமாகக் கோரிக்கைகளின் பதிவையும் இணைத்தான்.

மறுநாள் கிரேஸ் என்ற பெயரில் பதில் வந்தது. புகாருக்கு நன்றி, அதைச் சம்பந்தப்பட்ட வாடிக்கையாளருக்கு அனுப்பியிருக்கிறோம். அதற்கடுத்த நாள் இன்னொன்று. பிரச்சினையைச் சரிசெய்துவிட்டதாக வாடிக்கையாளர் தெரிவித்திருக்கிறார், புகார் மூடப்படுகிறது. அன்புடன், கிரேஸ். அதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்துத் திரையில் கோரிக்கைகள் ஓடிக்கொண்டிருந்தன.

"அப்ப திருடன்கிட்டயே போய்க் கேட்டிருக்காங்க," என்றாள் மோனிக்கா.

"ஆமாக்கா."

"அவனும் நான் திருடலன்னு சொல்லிட்டான்."

"ரொம்ப மரியாதையாச் சொல்லியிருப்பான்."

மறுபடி எழுதினான். மறுபடி நன்றி, மறுபடி வாடிக்கையாளர், மறுபடி மூடப்பட்டது. இணைய இணைப்பு கொடுத்தவர்களைக் கேட்டான். சின்ன இணைப்புகளுக்கு நடுவழியில் தடுக்கும் வசதி இல்லை என்றார்கள். முகவரியை மாற்றிப் பார்த்தான். மிஸ்ஸிகளின் கைபேசிகள் புது முகவரியைத் தெரிந்துகொள்கிற இடத்திலேயே பார்த்து அந்தக் கணினியும் கண்டுபிடித்துவிட்டது. இரண்டாவது இணைப்புக்குச் சுவரைத் துளைக்க வேண்டும். வீட்டுக்காரர் சிங்கப்பூரில் இருந்தார், போனை எடுக்கவில்லை. பாக்கியநாதனின் பொத்தானை மோனிக்காவின் கைபேசிக்குத் திருப்பினான். அதில் வேறு சங்கடம். பேச்சல்லாத சத்தத்தையெல்லாம் இரைச்சல் என்று நினைத்து அந்தக் கைபேசி துடைத்துவிட்டது. மோதிரத் தட்டு அதற்கு இரைச்சல்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மோனிக்காவோடு டெரிக்கும் பாலிக் புலாவ் போனான். ஜாதிக்காய்த் தோட்டத்தை ஒட்டிய பலகை வீடு. பாக்கியநாதன் அவன் நினைத்ததைவிடச் சின்ன உருவமாக இருந்தார். கழுத்தில் ஓட்டை, அதன்மேல் மெல்லிய துணி. மார்க்கர் பேனாவை உளிபோலக் கைக்குள் பிடித்து வெள்ளைப் பலகையில் பெரிது பெரிதாக எழுதினார்.

டெரிக் விளக்கினான். "அங்கிள், கொஞ்ச நாளைக்கு மூணு மணிக்கு அடிக்காதீங்க. மிஸ்ஸி வரணும்னா மட்டும் அடிங்க. மணி அடிச்சாலே அவங்க கிளம்பிருவாங்க. தட்டே வேணாம்."

அவர் எழுதினார்: பஸ் ரிப்பேர்னா பயணிய நடக்கச் சொல்லுவியா?

"கொஞ்ச நாளைக்குத்தான் லா."

"கேளுங்கப்பா," என்றாள் லீனா. "அண்ணன் சும்மாவா இவ்வளவு தூரம் வந்திருக்காரு."

அவர் வெகுநேரம் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பலகையைத் துடைத்துவிட்டு, சரி என்று எழுதினார்.

திங்களும் செவ்வாயும் அழைப்பு வரவில்லை. புதன்கிழமை மூன்று மணிக்கு வந்தது. நிலையத்திலிருந்து தகவல் கிடைத்ததும், மோனிக்கா ஒரு வீட்டில் பாதி மாற்றிய காயக்கட்டை இன்னொரு மிஸ்ஸியிடம் விட்டுவிட்டு மலையேறிப் போனாள். அவர் ரிசீவரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவளைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டு பலகையில் எழுதினார்: மூணு மணி ஆச்சு.

"நான் திட்டல," என்று டெரிக்கிடம் சொன்னாள். "திட்டியிருக்கணும். அந்த மனுசனுக்கு வேற என்ன இருக்கு சொல்லு."

அதன் பிறகு மறுபடி பழையபடிதான். மூன்று மணிக்கு மணி அடிக்கும். ஒன்றும் கேட்காது. முடிந்த நாள்களில் போனாள். போகாத நாள்களில், லீனா வேலை முடிந்து வீட்டுக்குப் போய்க் கூப்பிடும்வரை மோனிக்கா எந்தச் சாப்பாட்டையும் முழுதாகச் சாப்பிடவில்லை.

டெரிக் நாலாவது முறை எழுதியபோது உடனே பதில் வந்தது. தானியங்கிப் பதில். உள்ளூர்ப் பொதுவிடுமுறையால் இன்று எங்கள் புகார்ப் பிரிவு இயங்காது. அவன் அதை மூடப்போனவன் தேதியைப் பார்த்து நின்றான். ஜூலை ஏழு. ஜார்ஜ் டவுன் உலகப் பாரம்பரிய நகர நாள். கடைவீட்டுக்குக் கீழே தெருவில் ஊர்வலத்துக்காக வண்டிகளை மறித்திருந்தார்கள். இந்த நாளுக்கு விடுமுறை விடுகிற மாநிலம் பினாங்கு ஒன்றுதான்.

இவ்வளவு நாளும் அவன் கடல் கடந்து எங்கேயோ இருப்பவளுக்கு எழுதிக்கொண்டிருப்பதாக நினைத்திருந்தான். அவளுடைய இரவையும் பகலையும் கணக்குப் போட்டு, காலையில் முதலாவதாகக் கண்ணில் படட்டும் என்று இரவில் அனுப்பியிருந்தான்.

லீனாவிடம் சொன்னான். அவள் இரண்டு நாளில் கண்டுபிடித்துவிட்டாள். தொழிற்சாலை பஸ்ஸில் அவளோடு வரும் ஸஹ்ரா ஒரு வீட்டில் அறை எடுத்திருந்தாள். அதே அறையில் இருக்கும் பெண்ணுக்கு அடுத்தவர் புகார்களுக்குப் பதில் எழுதுவதே வேலை. அமெரிக்கக் கம்பெனிக்காக, குத்தகை எடுத்த ஒரு நிறுவனம், பாயான் லெப்பாஸில் ஏழாவது மாடியில்.

அந்தப் பெண்ணின் பெயர் கீர்த்திகா. தொழிற்பேட்டைக்குப் பின்னால் இருந்த சாப்பாட்டுக் கடையில், மதிய இடைவேளையில் வந்து உட்கார்ந்தாள். இருபத்தைந்து வயதிருக்கும். அலுவலக அட்டையைக் கழற்றிப் பைக்குள் வைத்தாள்.

"நீங்கதான் கிரேஸா?" என்றான் டெரிக்.

"கிரேஸ்னா நாங்க ஆறு பேரு அண்ணே. ஒங்களோட ரெண்டாவது மெயிலுக்கு நான். மத்தது யாருன்னு தெரியல. ஒருத்தன் பேரு லோகேஸ்வரன், அவனும் கிரேஸ்தான்."

"படிச்சுப் பாத்தீங்களா?"

"படிச்சேன்."

"படிச்சிட்டு?"

"அவனுக்கு அனுப்பினேன். அதான் வேலை. அவன் சரிபண்ணிட்டேன்னு சொன்னா மூடணும். மூடலன்னா என் பேருக்கு நேரா செவப்பா நிக்கும்."

"அந்த மெஷின நிறுத்துற பட்டன் ஒங்ககிட்ட இல்லையா?"

"என்கிட்ட இருக்கிற ஒரே பட்டன் நாற்காலிய ஏத்தி எறக்குற பட்டன்."

சொல்லிவிட்டு அவளே சிரிக்கவில்லை. டெரிக் பாக்கியநாதனைப் பற்றிச் சொன்னான். தட்டுகளைப் பற்றி, மூன்று மணியைப் பற்றி. அவள் மீ நூடுல்ஸை முள்கரண்டியில் சுற்றிச் சுற்றி வைத்தாளே தவிர வாய்க்குக் கொண்டுபோகவில்லை.

"தொப்புள்கொடி மாதிரி இருக்கு," என்றாள். "ஒரு ஆளோட உயிர் அதுல தொங்குதுன்னு நீங்க எழுதவே இல்லையே."

"எழுதணுமா அதை? போன் வேலை செய்யலன்னு சொன்னா பத்தாதா?"

"பத்தாது அண்ணே. ஒரு நாளைக்கு எவ்வளவு வருது தெரியுமா. பத்தாது." முள்கரண்டியைக் கீழே வைத்தாள். "உயிருக்கு ஆபத்துன்னு ஒரு வகை இருக்கு. அதைத் தேர்வு பண்ணீங்கன்னா எங்ககிட்ட வராது. நேரா அமெரிக்காவுக்குப் போயிரும். அங்க மனுசங்க படிக்கிறாங்க. அவங்க நிறுத்தலாம். ஆனா சும்மா லாக் பதிவு அனுப்பினா பாக்க மாட்டாங்க, எல்லாரும் அதைத்தான் அனுப்புறாங்க. பாதிப்பு தெரியணும். ஆடியோ இருந்தா அனுப்புங்க."

எழுந்து போகும்போது அட்டையை மறுபடி கழுத்தில் மாட்டிக்கொண்டாள். "நான் சொன்னதா எங்கயும் எழுதிராதீங்க. வீட்டுல நான் ஒருத்திதான் வேலைக்குப் போறது."

வெளியே வந்த டெரிக் மோட்டாரைக் கிளப்பாமல் சிறிது நேரம் அதன்மேல் உட்கார்ந்திருந்தான். ஏழாவது மாடியின் கண்ணாடிகள் வெயிலில் ஒரே தகடாகத் தெரிந்தன. கோபப்பட ஒரு ஆளைத் தேடி வந்திருந்தான். அப்படி யாரும் கிடைக்கவில்லை.

பாக்கியநாதனிடம் சம்மதம் வாங்கிக்கொண்டு, மறுநாள் மூன்று மணி அழைப்பை டெரிக் பதிவுசெய்தான். அரை மணி நேரம். அன்று லீனாவுக்கு இரவு முறை வேலை என்பதால் வீட்டில் இருந்தாள். அப்பா பல தடவை தட்டினார் என்று பிறகு சொன்னாள். இங்கே ஒன்றும் வரவில்லை. டெரிக்கும் மோனிக்காவும் அதைத் திரும்பக் கேட்டார்கள். அவர்களுக்கு அது பயங்கரமாக இருந்தது. இதைக் கேட்ட பிறகு யாரும் சும்மா இருக்க முடியாது என்று இருவரும் நம்பினார்கள். குரலிழந்த ஒரு நோயாளி இந்த அழைப்பில் தட்டிக்கொண்டிருக்கிறார், உங்கள் கணினியின் தாக்குதலால் தட்டுகள் வழியில் விழுந்துவிடுகின்றன, இது நிச்சயம் என்று டெரிக் எழுதினான். உயிருக்கு ஆபத்து என்ற வகையைத் தேர்ந்தெடுத்து, பதிவை இணைத்து அனுப்பினான்.

இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. இந்த முறை கிரேஸ் இல்லை. தாங்கள் அனுப்பிய ஒலிப்பதிவை எங்கள் குழு முழுமையாகக் கேட்டது. அதில் அச்சுறுத்தலோ, தகாத பேச்சோ, தீங்கு விளைவிக்கும் எதுவுமோ இல்லை. புகார் மூடப்படுகிறது.

மோனிக்கா அவன் தோளுக்கு மேலாகப் படித்தாள். "முழுசாக் கேட்டாங்களாமா?"

"அப்படித்தான் போட்டிருக்கு."

"அரை மணி நேரமும்?"

"ம்."

"பொறுமைதான்," என்றாள் அவள்.

அப்போதுதான் டெரிக்குக்கு உறைத்தது. அந்த நிசப்தத்தில் என்ன இருந்திருக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும். வேறு யாருக்குத் தெரியும்? அந்த முனையில் அவர் தட்டுவதையும் படம் பிடித்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அனுப்பியிருக்க வேண்டும். இவ்வளவு எளிய விஷயம் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. லீனாவுக்கு அடுத்த விடுமுறை சனிக்கிழமை. அன்று எடுக்கலாம் என்று முடிவுசெய்தார்கள்.

வியாழக்கிழமை மோனிக்கா தனியாக இருந்தாள். மற்ற மிஸ்ஸிகள் எல்லாரும் வெளியே. புதிதாகச் சேர்க்க வந்த ஒரு குடும்பம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தது. மகனும் மருமகளும், இடையில் பேசாத ஒரு அம்மா. மூன்று மணிக்குப் போன் அடித்தது. மோனிக்கா ஸ்பீக்கரை அழுத்தினாள். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு ஒரு தட்டு வந்தது. தெளிவாக, பக்கத்து அறையில் தட்டியதுபோல.

மூன்று வாரத்துக்குப் பிறகு வந்த முதல் தட்டு. பெஞ்சில் இருந்த அம்மாகூட நிமிர்ந்து பார்த்தாராம். மோனிக்கா அவர்களிடம் திரும்பி, "எங்க ஆளு ஒருத்தரு, நல்லா இருக்கேன்னு சொல்றாரு" என்றாள். ஸ்பீக்கரைத் திறந்தே வைத்துவிட்டு அவர்களுக்கு மருந்துகளை விளக்கத் தொடங்கினாள். அன்று மலைக்குப் போகவில்லை.

ஏழு மணிக்கு லீனா வீட்டுக்கு வந்தபோது பாக்கியநாதன் நாற்காலியிலிருந்து நழுவித் தரையில் கிடந்தார். ரிசீவர் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. உடம்பு சில்லிட்டிருந்தது. உயிர் எப்போது போனது என்று டாக்டரால் சரியாகச் சொல்ல முடியவில்லை. பிற்பகலில் எப்போதோ என்றார்.

சனிக்கிழமை அடக்கம். பெட்டியைத் தூக்கியவர்களில் டெரிக்கும் ஒருவன். பழைய பஸ்காரர்கள் நாலைந்து பேர் வந்திருந்தார்கள். மழை வருவதுபோல இருந்து வராமலே போயிற்று. கல்லறையில் நிற்கும்போது சட்டைப்பையில் கைபேசி அதிர்ந்தது. கீர்த்திகா அனுப்பியிருந்தாள். "அந்த மெஷின் இன்னிக்குக் காலையில நின்னுருச்சு. அட்டை செல்லாததுனால தானா நின்னுச்சு. ஒங்க புகாரால இல்ல. சொல்லணும்னு தோணிச்சு." அவளுக்கு இங்கே நடந்தது தெரியாது. டெரிக் பதில் எழுதத் தொடங்கி, அழித்து, நன்றி என்று மட்டும் அனுப்பினான். அனுப்பிய பிறகுதான் அது கிரேஸ் எழுதும் சொல் என்று நினைத்தான்.

செவ்வாய்க்கிழமை லீனா ஹட்டன் லேனுக்கு வந்தாள். கறுப்பு உடையில் இருந்தாள். மீதி மருந்துகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்தாள். மோனிக்கா அவளுக்குப் பாலில்லாத தே ஓ கலக்கிக் கொடுத்தாள். அது ஆறும்வரை அவள் தொடவில்லை. டெரிக் கணினிக்கு முன்னால் இருந்தான்.

"வியாழக்கிழமை போன் பதிவாகியிருக்குமா அண்ணே?"

புகாருக்காக வைத்த பதிவை அவன் நிறுத்தியிருக்கவில்லை. "இருக்கும்மா."

"போடுங்க."

அவன் மோனிக்காவைப் பார்த்தான். அவள் தலையசைத்தாள். போட்டான். முதலில் மணிச் சத்தம், மோனிக்காவின் குரல், பிறகு ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாததை மூவரும் கேட்டார்கள். கீழே தெருவில் யாரோ காரைப் பின்னுக்கு எடுத்தார்கள். பிறகு அந்தத் தட்டு.

லீனா கையை நீட்டி நிறுத்தச் சொன்னாள்.

"ஒண்ணுதான்," என்றாள் மோனிக்கா. "ஒண்ணுதாம்மா கேட்டுச்சு. அதான் நான் போகல."

"தெரியும் ஆண்ட்டி. நான் ஒங்களக் கேக்கல." லீனா டெரிக் பக்கம் திரும்பினாள். "நீங்க கம்பெனிக்கு எழுதினதை அப்பாகிட்ட படிச்சுக் காட்டினேன். தட்டு வழியில விழுந்துருது, நிச்சயம்னு போட்டிருந்தீங்க. அப்பாவுக்குச் சிரிப்பு. நம்ம தட்டுக்கு இங்கிலீஷ்ல வக்கீல் வெச்சிருக்காங்கன்னு எழுதினாரு."

டெரிக் பதிவை முதலுக்குக் கொண்டுபோனான்.

"இதுல எவ்வளவு விழுந்துச்சு? ஒங்களுக்குத் தெரியும்ல."

திரையின் ஓரத்தில் அந்த எண் இருந்தது. இங்கிருந்து பார்த்தால் அவளுக்குத் தெரியாது. சின்னப் பொய் ஒன்று சொல்லலாம். அன்று நன்றாகத்தான் இருந்தது, ஒன்றுதான் தட்டினார், நிம்மதியாகத்தான் போயிருக்கிறார். மோனிக்காவும் அதற்காகத்தான் தன்னைப் பார்க்கிறாள் என்று அவனுக்குத் தெரிந்தது. ஆனால் நிச்சயம் என்ற சொல்லை அவன் ஏற்கெனவே ஒருமுறை செலவழித்திருந்தான்.

"பாதிக்கு மேல வரல," என்றான்.

"அப்ப ரெண்டா இருந்திருக்கலாம்."

"இருந்திருக்கலாம்."

"ஒண்ணாவும் இருந்திருக்கலாம்."

"ஆமா லீனா."

அவள் பெஞ்சில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். "இன்னொரு தடவ போடுங்க. தட்டு முடிஞ்சதும் நிறுத்தாதீங்க. அப்பா ரெண்டாவதுக்குக் கொஞ்சம் இடைவெளி விடுவாரு. டிரைவர் தூங்கிறக் கூடாதுன்னு சொல்லுவாரு."

டெரிக் போட்டான். மணி. மோனிக்காவின் குரல். ஒன்றுமில்லை. தட்டு. தட்டு முடிந்த அதே நொடியில், மூச்சு விடக்கூட இடமில்லாமல், மோனிக்காவின் குரல் சந்தோஷத்தில் உயர்ந்து வந்தது: "ஆ, கேட்டுருச்சுண்ணே, கேட்டுருச்சு. நல்லாக் கேட்டுச்சு. நான் இங்கயே இருக்கேன்."

லீனா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். "ஆண்ட்டி குரலை எடுத்துட்டு, அதுக்கு அடியில இருக்கிறதை மட்டும் கேக்க முடியுமா அண்ணே?"

"முடியாதும்மா. ரெண்டு பக்கமும் ஒண்ணாத்தான் பதிவாகுது."

மோனிக்கா நாற்காலியில் அசையாமல் இருந்தாள். பதிவு ஓடிக்கொண்டிருந்தது. புதிதாக வந்த குடும்பத்துக்கு அவள் மருந்தை எப்படிக் கொடுக்க வேண்டும் என்று விளக்கிக்கொண்டிருந்தாள்: காலையில் இது, மத்தியானம் இது, வலி தாங்கவில்லை என்றால் இது, எப்போது வேண்டுமானாலும் கூப்பிடுங்கள். அவள் குரல் அன்று தெளிவாகவும் உற்சாகமாகவும் இருந்தது. டெரிக் நிறுத்தக் கையை நீட்டினான். லீனா வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். அரை மணி நேரமும் கேட்டுவிட்டுத்தான் போனாள்.